வெள்ளைத் துணியில் எழுத்தில்லை

கபன் துணிக்கு டிசைன் கிடையாது. வெள்ளை நிறம், தைக்காத துணி. ஆண் மையித்துக்கு மூன்று துண்டு, பெண் மையித்துக்கு ஐந்து. பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரித்தான். எங்கட அக்குறணையில துணிக்கடைக்குப் போய் கபனுக்கு என்று சொன்னால் போதும். கடைக்காரர் வேற எதுவும் கேக்க மாட்டார். "யார் மௌத்து?" என்று மட்டும் கேட்டுட்டு, அளந்து கிழிச்சுத் தருவார்.

2020 டிசம்பர்ல அந்தத் துணி எங்கட வீட்டு கேட்டுகளுக்கு வந்தது. கபன் கிடைக்காமலே எரிக்கப்பட்டவங்களுக்காக, கையகல நாடாக்களாக் கிழிச்சுக் கட்டினோம். நாங்க அப்ப பள்ளிக்கூடப் பிள்ளைகள். வகுப்பெல்லாம் ஃபோன்ல நடந்த காலம். உம்மாமார் கேட்டுல கட்டினாங்க, நாங்க வட்ஸ்அப் டிபிய வெள்ளையா மாத்தினோம். அது ஒரு 'டிசைன்' என்று அப்ப யாரும் நினைக்கல.

இப்ப நாங்க கலைப்பீடத்துல படிக்கிறோம். போஸ்டர், எதிர்ப்பு அரசியல் என்று பேச்சு வந்தால் பாரிஸ் என்கிறோம், ஹொங்கொங் என்கிறோம். சொந்த கேட்டுல கட்டின துணி மட்டும் ஞாபகத்துக்கு வர நேரமெடுக்குது. அந்தத் துணி ஏன் வேலை செஞ்சது, இந்த நாட்டு எதிர்ப்புச் சின்னங்களின்ட வரலாற்றுல அதுக்கு எங்க இடம், அது எங்க போய் நின்றது? இந்த மூன்று கேள்விக்குத்தான் இங்க பதில் தேடிப் பார்க்கிறோம்.

ஒரு துணி சின்னமாகிய விதம்

முதல்ல நடந்ததை வரிசையாச் சொல்லிடுவோம். கொவிட்டால் மரணிப்பவர்களை மண்ணுல அடக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டல் கொடுத்திருந்தது. அதே மார்ச் கடைசியில, தொற்றாளர் ஒருவர் அடையாளம் காணப்பட்டதும் அக்குறணை மூடப்பட்டது. நோயோட சேர்த்து 'நோயைப் பரப்புறவங்க' என்ற பேரும் ஊருக்கு வந்தது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வெளியானது: கொவிட் மரணம் என்றால் தகனம் கட்டாயம். நிலத்தடி நீர் வழியா வைரஸ் பரவும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நீதிமன்றம் போனாங்க. 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களை, காரணம் எதுவும் சொல்லாமல், விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செஞ்சது. எட்டு நாளைக்குப் பிறகு, டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தை பொரளையில எரிக்கப்பட்டது. பெற்றோர் சம்மதிக்கல.

அடுத்த சில நாட்களுக்குள்ள பொரளை கனத்தை மயானத்தின்ட கேட்டுல வெள்ளைத் துணித் துண்டுகள் தொங்கத் தொடங்கின. முஸ்லிம்கள் மட்டும் கட்டல. சிங்களவர், தமிழர், பௌத்தர், கிறிஸ்தவர் என்று பலரும் வந்து கட்டினாங்க. ராத்திரியோட ராத்திரியா அதிகாரிகள் அவிழ்த்துட்டாங்க. மக்கள் திரும்பவும் வந்து கட்டினாங்க. பிறகு ஊருக்கு ஊர் கேட்டுலயும் வேலியிலயும் கட்டினாங்க. ஃபோன் திரையிலயும் வெள்ளை ஏறினது.

இதை ஒரு டிசைன் மாணவர் பார்க்கிற மாதிரிப் பார்ப்போம். அச்சகம் தேவையில்ல, பணம் தேவையில்ல. வீட்டுல கிடக்கிற பழைய வெள்ளைச் சாரனே போதும். படம் வரையத் தெரிய வேண்டியதில்ல. ஊரடங்கு நேரத்துல கூட்டம் கூட ஏலாது, ஆனா தன்ட கேட்டுல தானே ஒரு முடிச்சுப் போட ஏலும். யார் தொடங்கினது, யார் தலைவர் என்று தேடினால் பிடிக்க ஆளில்ல. முக்கியமான விஷயம் இன்னொன்று: அரசாங்கம் எதை மறுத்ததோ அதையே சின்னமாத் தூக்கினது. கபன் இல்லாம அனுப்பினீங்க, இந்தா கபன், உங்கட கேட்டுலயே. இதை அவிழ்க்கிறவர் என்ன செய்வார்? இன்னொரு தடவை கபனைப் பறிக்கிறார். சின்னத்தை அழிக்கிற வேலையே அந்தச் சின்னம் சொல்றதை நிரூபிச்சது.

இந்த நாட்டுல வெள்ளைத் துணிய வாசிக்கத் தெரியாத ஆள் இல்ல என்பதும் ஒரு காரணம். கண்டி ரோட்டுல பஸ்ல போகும்போது பார்த்திருப்பீங்க: ஒரு பௌத்த வீட்டுல சாவு விழுந்தால் சந்தியிலிருந்து வீடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டுவாங்க. இந்துச் சாவீட்டுலயும் வெள்ளைக்கு இடமிருக்கு. அதனால கனத்தை கேட்டுல தொங்கின துணிக்கு யாரும் மொழிபெயர்ப்பு கேக்கல. வெள்ளை இங்க குற்றமில்லாத நிறமுமில்ல. இந்த நாட்டுல 'வெள்ளை வான்' என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நிறத்தை சாமானிய சனம் துக்கத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொண்டது.

எழுத்து இருந்தபோது

துணியில எழுத்தில்லாதது ஏன் பெரிய விஷயம் என்று விளங்க, கொஞ்சம் பின்னால போக வேணும். இலங்கையில எதிர்ப்பின் வரலாறு பெரும்பாலும் எழுத்தின் வரலாறு. எந்த எழுத்து, எந்தப் பலகையில, அதில யார் தார் பூசினது என்ற வரலாறு.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அடுத்து, 1957 ஜனவரியிலிருந்து வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. ஒரே ஒரு எழுத்து. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வடக்கு கிழக்கில் சிங்கள ஸ்ரீய அழிச்சுட்டு தமிழ் ஸ்ரீய எழுதிக்கொண்டு வண்டி ஓட்டினாங்க. 1958 தொடக்கத்தில் பஸ் சேவை தேசியமயமானது. சிங்கள ஸ்ரீ போட்ட அரச பஸ்கள் வடக்குக்கு வந்ததும் தார் வாளியும் தூரிகையும் மறுபடி வெளியே வந்தன. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினாங்க. ஏப்ரல் 9ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க, செல்வநாயகத்தோட செஞ்ச ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதம் கலவரம் வெடிச்சது.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. தமிழ்ல நாங்க எழுதுற 'ஸ்ரீ' கிரந்த எழுத்து. சொல் சமஸ்கிருதம். சிங்களத்துக்கும் அது அங்கிருந்து வந்ததுதான். ஆக ரெண்டு பக்கமும் ஒரே இரவல் சொல்லுக்காக, ரெண்டு வடிவத்துல, சண்டை பிடிச்சது. சண்டை சொல்லைப் பற்றியதில்ல, அரசாங்கம் யாருடைய கையெழுத்துல கையெழுத்துப் போடும் என்பதைப் பற்றியது. எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனா எழுத்தை எழுத்தால எதிர்த்தபோது, ஒவ்வொரு பெயர்ப் பலகையும் ஒரு எல்லைக் கல்லாப் போயிட்டது. சாதாரண கடைக்காரரின்ட போர்டு கூட ஒரு 'பக்கம்' ஆகிட்டது.

அதே 1958 ஏப்ரல்ல இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. அணுகுண்டுக்கு எதிரா லண்டனிலிருந்து ஓல்டர்மாஸ்டன் வரைக்கும் மக்கள் நடந்தாங்க. அந்த நடைக்காக ஜெரால்ட் ஹோல்டம் என்ற வடிவமைப்பாளர் ஒரு சின்னம் செஞ்சார். வட்டத்துக்குள்ள மூன்று கோடு. இன்றைக்கு டீ-சேர்ட்டிலயும் த்ரீவீலிலயும் பார்க்கிற சமாதானச் சின்னம் அதுதான். கொடியால் சைகை காட்டும் முறையில் வரும் ரெண்டு ஆங்கில எழுத்துதான் அந்தக் கோடுகள். ஆனா அது எழுத்து என்று யாருக்கும் தெரியாது, தெரியத் தேவையுமில்ல. சுவர்ல சோக்கட்டியால ஒரு பிள்ளை கூட வரையலாம். எழுத்து வடிவமாக் கரைஞ்சு போனதால அது மொழிகளைத் தாண்டினது. ஒரே மாதத்துல இங்க ஒரு எழுத்து நாட்டைப் பிரிச்சது, அங்க ஒரு எழுத்து தன்னை மறைச்சுக்கொண்டு ஊரூராப் போனது.

அதே கருவி, மற்றக் கையில்

டிசைன் என்றாலே நியாயத்தின் பக்கம் என்று நினைச்சால் அது எங்கட அப்பாவித்தனம். அக்குறணைக்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

2016 தொடக்கத்துல 'சிங்ஹ லே' ஸ்டிக்கர் நாடு முழுக்கப் பரவினது. த்ரீவீல், பஸ், கார் என்று எல்லாத்துலயும். டிசைன் ரீதியாப் பார்த்தால் சரியான கெட்டிக்காரத்தனம். 'சிங்ஹலே' என்ற பழைய சொல்லை நடுவுல வெட்டினாங்க. பின்னால வந்த 'லே'க்கு சிவப்பு கொடுத்தாங்க. 'லே' என்றால் இரத்தம். ஒரு வெட்டு, ஒரு நிறம், அவ்வளவுதான். நாட்டின் பேர் சிங்கத்தின் இரத்தமாகிட்டது. 2016 ஜனவரியில நுகேகொடையில முஸ்லிம் வீட்டுக் கேட்டுகளில் அந்தச் சொல்லை ஸ்ப்ரே பெயின்ட்டால அடிச்சிருந்தாங்க. கிட்டத்தட்ட அஞ்சு வருஷத்துக்குப் பிறகு நாங்க துணி கட்டினதும் கேட்டுலதான். கேட்டு என்பது இந்த நாட்டுல ஒரு பக்கமாவே எழுதப்படுகிற தாள்.

கொடியும் அப்படித்தான். 1951இல் தேசியக் கொடியில சிங்கத்துக்குப் பக்கத்துல பச்சை, செம்மஞ்சள் என்று ரெண்டு கோடு சேர்த்தாங்க. பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழர்களுக்கு. அந்த ரெண்டு கோட்டையும் நீக்கிட்டு சிங்கத்தை மட்டும் வச்ச கொடியைக் கூட்டங்களில் தூக்கினாங்க. எதையும் புதுசா வரையத் தேவைப்படல. அழிச்சதே செய்தியாகிட்டது.

பிறகு 2018 மார்ச். 5ஆம் திகதி திகனையில தொடங்கினது, 7ஆம் திகதி அக்குறணைக்கு வந்தது. எரிஞ்ச கடைகளை நாங்க பிள்ளைகளாப் பார்த்தோம். அந்தக் கிழமை அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினது, ஏனென்றால் கும்பல் திரண்டதே படங்களும் வீடியோக்களும் ஃபோன் ஃபோனாப் போய்த்தான். தன்ட தளம் அந்த வன்முறையில வகிச்ச பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது. ஒரு படம் எவ்வளவு வேகமாப் போகும் என்று எங்களுக்குக் கற்றுத் தந்தது போஸ்டர் கலை இல்ல, அந்த மூன்று நாள்.

இதை நினைச்சுப் பார்த்தால்தான் 2020இன் துணி விளங்கும். எந்த எழுத்தைப் போட்டிருந்தாலும் அது ஒரு பக்கமாகியிருக்கும். அரபு எழுத்துப் போட்டிருந்தால் 'தீவிரவாதம்' என்றிருப்பாங்க. தமிழ் போட்டிருந்தால் பாதி நாடு வாசிக்காது. பிறைய வரைஞ்சிருந்தால் சிங்கள நண்பர் தன்ட கேட்டுல கட்டத் தயங்கியிருப்பார். வெறும் துணி எல்லாருடைய கைக்கும் இடம் விட்டது.

வெள்ளையின் சொந்தக்காரர்கள்

உலகத்துல இப்படிச் செஞ்சது நாங்க மட்டுமில்ல. ஆர்ஜென்டினாவில இராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திக் காணாமலாக்கினபோது, 1977இல் தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்துல கூடத் தொடங்கினாங்க. ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் காண தலையில வெள்ளைத் துணி கட்டினாங்க. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? குழந்தைகளுக்குக் கட்டுற நெப்கின் துணி. பிள்ளை கைக்குழந்தையா இருந்தபோது கட்டின துணிய, பிள்ளை காணாமப் போன பிறகு தாய் தலையில கட்டினார். இன்றைக்கு அந்தத் துணியின் வடிவத்தை அந்தச் சதுக்கத்தின் தரையிலேயே வரைஞ்சு வச்சிருக்காங்க. வடக்கு கிழக்கில் வருஷக் கணக்கா வீதியோரம் படத்தோட இருக்கிற தாய்மாரை இந்த இடத்துல நினைக்காம இருக்க ஏலாது. அவங்க கையில இருக்கிறதும் பெரிய டிசைன் இல்ல, ஒரு பாஸ்போர்ட் சைஸ் முகத்தைப் பெருசாக்கின படம்தான்.

2022 நவம்பர்ல சீனாவில ஊரும்சி நகரத்துல தீ விபத்துல மக்கள் செத்த பிறகு, இளம் ஆட்கள் வெறும் ஏ4 தாளைத் தூக்கிக்கொண்டு நின்றாங்க. எழுதினால் தணிக்கை, எழுதாட்டியும் எல்லாருக்கும் விளங்கும்.

1968 பாரிஸ் வேற மாதிரி. அங்க நுண்கலைக் கல்லூரி மாணவர்கள் கட்டடத்தைக் கைப்பற்றி 'மக்கள் பட்டறை' என்று ஸ்கிரீன் பிரிண்ட் போஸ்டர் அடிச்சாங்க. பெரும்பாலும் ஒரே நிறம், தடித்த வடிவம், ஒரு வரிச் சொல். எந்த போஸ்டர் போகும் என்று எல்லாரும் கூடித் தீர்மானிச்சாங்க, யாரும் பேர் போடல. பேர் போடாமை என்ற அந்த ஒன்று பாரிஸையும் எங்கட கேட்டையும் சேர்க்குது. போஸ்டர்கள் போராட்டத்துக்காகத்தான், அலங்காரமா மாட்டி வைக்க இல்ல என்றும் அவங்க சொன்னாங்க. அப்படிச் சொன்ன போஸ்டர்கள்தான் இன்று மியூசியங்களில் இருக்கு. அதனால நாங்க இன்று அதைப் பற்றிப் பேசவும் ஏலுது. இதுக்குக் கடைசியில திரும்ப வருவோம்.

மூன்று சொல்லும் அதுக்குப் பிறகும்

2022இல் நாடே வீதிக்கு இறங்கினபோது எழுத்து திரும்ப வந்தது. 'கோட்டா கோ ஹோம்'. ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கை மீறி பேராதனை மாணவர்கள் இறங்கினாங்க, பொலிஸ் கண்ணீர்ப்புகை அடிச்சது. ஏப்ரல் 9இல் காலிமுகத்திடல்ல 'கோட்டா கோ கம' முளைச்சது. கோஷம் ஆங்கிலம், ஆனா சிங்களத்துலயும் தமிழ்லயும் அப்படியே ஒலியா எழுதலாம். காதால வாசிக்கிற சுலோகம். அட்டைப் பெட்டியக் கிழிச்சு மார்க்கரால எழுதினால் போஸ்டர் ரெடி. ரமழான்ல அங்க இப்தார் நடந்தது. மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அங்க பகிரப்பட்டது. 1958இன் தார் வாளிய நினைச்சுப் பார்த்தால் இது சின்ன விஷயமில்ல.

ஆனா அந்தச் சொல்லுக்குள்ளேயே அதின்ட முடிவும் இருந்தது. ஜூலை 13இல் கோட்டாபய நாட்டை விட்டுப் போனார், அடுத்த நாள் இராஜினாமா. போ என்றோம், போயிட்டார். பிறகு சொல்லிடம் சொல்ல ஒன்றும் இருக்கல. 22ஆம் திகதி விடியக்காலையில படையினர் கூடாரங்களைப் பிரிச்சாங்க.

வெள்ளைத் துணிக்கு நேர் எதிரான பிரச்சினை. அது ஒரு பேரையும் சொல்லல. 2021 பெப்ரவரியில பாகிஸ்தான் பிரதமர் வந்தபோது கொழும்பில சந்தூக்கைத் தூக்கி ஆர்ப்பாட்டம் செஞ்சாங்க. 25ஆம் திகதி அடக்க அனுமதிச்சு வர்த்தமானி வந்தது. மார்ச் 5இலிருந்து ஓட்டமாவடியில அடக்கினாங்க. கண்டியில மரணிச்சாலும் ஓட்டமாவடிதான், சொந்த ஊர் மையவாடி இல்ல. 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானிச்சது. அரசாங்கத்தின் கணக்குப்படியே 276 முஸ்லிம்கள் எரிக்கப்பட்டிருந்தாங்க. யார் தீர்மானிச்சது, யார் பொறுப்பு என்று துணி கேக்கல. அதைக் கேக்க எழுத்து வேணும்.

எங்களுக்குள்ளேயே இதுல வாதம் இருக்கு. "பயத்துலதான் எழுதாம விட்டோம், அதைப் போய் டிசைன் என்று பெருமை பேசுறோம்" என்று ஒருத்தர் சொல்றார். அதில உண்மை இருக்கு. 2018ஐப் பார்த்த ஊர் 2020இல் சத்தமாக் கத்துமா? ஆனா பயம் இருந்த இடத்துலயும் ஒரு முடிச்சுப் போட ஏலும் என்று அந்தத் துணி காட்டினது. அடுத்த வீட்டு சிங்கள ஆன்ட்டியும் வந்து போட ஏலும் என்றும் காட்டினது. பயத்துல பிறந்ததாலேயே ஒன்று கோழைத்தனமாகிடாது என்பதுதான் எங்கள்ல பெரும்பாலானவங்கட முடிவு. வாதம் முடியல, முடியவும் தேவையில்ல.

துணி உக்கும்

எழுத்தில்லாதது அந்தத் துணியின் பலம். வரலாறு என்று வரும்போது அதுவே பலவீனம். போஸ்டர்ல திகதி இருக்கும், கோரிக்கை இருக்கும். துணியில ஒன்றுமில்ல. எங்கட கேட்டுல கட்டினது ரெண்டு மழையில சாம்பல் நிறமாகினது, பிறகு நூலாகினது, ஒரு நாள் காணாமப் போனது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு மாணவர் 2020ஐப் பற்றி எழுத வந்தால் அவருக்கு வர்த்தமானி கிடைக்கும், தீர்ப்பு கிடைக்கும், மன்னிப்பு அறிக்கையும் கிடைக்கும். எல்லாம் அரசாங்கத்தின் தாள். எங்கட பக்கத்துத் தாள் காத்துல தொங்கின ஒன்று.

அதனால ஒரு வேலை இருக்கு. உங்கட பழைய ஃபோன்ல அந்த டிசம்பர் படம் இருக்கும். எடுத்துப் பாருங்க. எந்த ஊர், எந்த வீதி, என்ன திகதி, யார் கட்டினது, ஏன் கட்டினது என்று நாலு வரி எழுதி வைங்க. உம்மும்மாவிடம் கேளுங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமும் கேளுங்க. அரகலய அட்டை வீட்டு அல்மாரிக்கு மேல கிடந்தால் வீசாதீங்க.

துணியில நாங்க எழுதல. அதைப் பற்றியாவது எழுதி வைப்போம்.